சி.பி. என்று மட்டும் எழுதிய சீட்டு பாதிச் சீட்டுதான்

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 2 வயது 3 மாதம். 30 வாரத்தில் பிறந்து, ஒரு மாதத்துக்கு மேல் பெட்டியில் இருந்த குழந்தை. உட்காருகிறான், கட்டிலைப் பிடித்து எழுகிறான், நுனிக்காலில் நிற்கிறான், நடை வரவில்லை. ஒரு டாக்டர் சீட்டில் 'சி.பி.' (செரிபிரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம்) என்று மட்டும் எழுதியிருக்கிறார். இன்னொருவர் 'ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா' என்றிருக்கிறார். பிசியோதெரபியில் 'லெவல் 3' என்று குறித்திருக்கிறார்கள். "மூணு பேரும் மூணு நோய் சொல்றாங்க. மூளை முடக்குவாதத்தில் மொத்தம் எத்தனை வகை? என் பிள்ளைக்கு வந்திருப்பது மோசமான வகையா? புத்தியும் பாதிக்குமா? வகை மாறுமா?" என்பது அவர் கேள்வி.

முதலில் உங்கள் மனசை உறுத்துகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். முரண்பாடு எதுவும் இல்லை. 'எந்த வகை' என்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தசை எப்படி இருக்கிறது? உடம்பில் எந்தப் பகுதி? அன்றாடத்தில் பிள்ளையால் என்ன முடிகிறது? 'ஸ்பாஸ்டிக்' முதல் கேள்விக்குப் பதில், 'டைப்ளீஜியா' இரண்டாவதற்கு, 'லெவல் 3' மூன்றாவதற்கு. வெறும் 'சி.பி.' என்றால் மூன்றுக்குமே பதில் எழுதவில்லை என்று அர்த்தம். மதுரையில் இருபது வருஷமாக இந்தப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட் நான். அப்படி ஒற்றைச் சொல் எழுதிய சீட்டோடு ஒரு தாய் வந்து நிற்கும்போது இன்றைக்கும் எனக்கு மனசு பதறுகிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

மூளை முடக்குவாதம் என்பது வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஒருமுறை ஏற்பட்டுவிட்ட காயத்தால், அசைவும் உடல் நிலைப்பும் பாதிக்கப்படுவது. அந்தக் காயம் கருவில் இருக்கும்போது வந்திருக்கலாம், பிரசவத்தின்போது வந்திருக்கலாம், பிறந்த பிறகு மூளைக்காய்ச்சலாலும் வந்திருக்கலாம். அது பரவாது, நாளுக்கு நாள் கூடாது. எந்த இடத்தில், எந்த மாதத்தில் அடிபட்டது என்பதைப் பொறுத்துத்தான் வகை அமைகிறது.

சரி, தசைக்கு வருவோம். பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு இருப்பது ஸ்பாஸ்டிக் வகை, அதாவது விறைப்பு. நாங்கள் அதை எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன், அடுத்த முறை நீங்களே கவனியுங்கள். பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை நீட்டிப் பிடித்து, குதிகாலை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு பாதத்தை மெல்ல மேலே தள்ளுவோம். பாதம் வரும். அதே பாதத்தை வெடுக்கென்று தள்ளினால் பாதி வழியில் டக்கென்று பிடித்துக்கொள்ளும். கார் சீட் பெல்ட்டை மெல்ல இழுத்தால் வரும், வேகமாக இழுத்தால் நின்றுவிடும் அல்லவா, அதே மாதிரி. வேகத்துக்கு வேகம் எதிர்க்கிற இந்த விறைப்புக்குப் பெயர்தான் ஸ்பாஸ்டிசிட்டி. மெல்லத் தள்ளினாலும் பாதம் வரவில்லை என்றால் தசையே குறுகிப்போயிருக்கிறது. முதலாவதற்கு மருந்தும் ஊசியும் உதவும். இரண்டாவதற்கு நீட்டுப் பயிற்சி, ஸ்ப்ளின்ட் என்ற தாங்கு பட்டை, மாவுக்கட்டு, சில சமயம் ஆபரேஷன். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மாசக்கணக்கில் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்த குடும்பங்கள் எத்தனையோ.

அடுத்தது டிஸ்கைனெடிக். மூளையின் ஆழத்தில் பேசல் கேங்லியா என்ற பகுதி இருக்கிறது. எந்த அசைவை விடுவது, எதை அடக்குவது என்று ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. அங்கே அடிபட்டால் பிள்ளை கேட்காத அசைவுகள் தானாக வரும். கை முறுக்கிக்கொள்ளும், முகம் கோணும், உடம்பு பின்னால் வில்லாக வளையும். முறுக்கிப் பிடிப்பது டிஸ்டோனியா, புழு நெளிவது போன்ற மெதுவான அசைவு அதெட்டாய்ட். ஒரு பொம்மையை எடுக்க நினைத்தாலே உடம்பு முழுக்கத் திருகும். சந்தோஷம், பயம், அழுகை எது வந்தாலும் கூடும். ஆனால் தூங்கும்போது கையைத் தூக்கிப் பாருங்கள், துணி மாதிரி துவண்டு கிடக்கும். "ராத்திரியில நல்லா இருக்கான், பகல்ல மட்டும் வேணும்னே செய்யுறான்" என்று ஒரு அப்பத்தா என்னிடம் சொன்னார். வேண்டுமென்று செய்வதில்லை ஆத்தா, இந்த வகையே அப்படித்தான் என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு மூன்று தடவை ஆனது.

நிறைமாதத்தில் பிறந்து, பிறந்ததும் அழாமல் கடுமையாக மூச்சுத் திணறிய குழந்தைகளிடம் இந்த வகையைப் பார்க்கலாம். பிறந்த வாரத்தில் மஞ்சள் காமாலை அளவுக்கு மீறிப் போன குழந்தைகளிடமும் பார்க்கலாம். காமாலையில் ரத்தத்தில் கூடும் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் குறிவைத்துத் தாக்குவது இந்தப் பகுதியைத்தான், கூடவே காது நரம்பையும். அதனால் காமாலைக் கதை உள்ள பிள்ளைக்குக் காது டெஸ்ட் கட்டாயம், அதுவும் காது நரம்பின் வழியாக ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட். நேரத்துக்கு லைட்டில் வைத்தால், தேவைப்பட்டால் ரத்தத்தை மாற்றினால், தடுத்துவிடக்கூடியது இது. மஞ்சளாக இருக்கிற குழந்தையைக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கால் வரைக்கும் மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

புத்தி பற்றிக் கேட்டீர்கள். இந்த வகைப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் ஊர் பெரும் தப்புக் கணக்குப் போடுகிறது. வாய் கோணி, எச்சில் வடிந்து, பேச்சு வராமல் இருப்பதால் ஒன்றும் புரியாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஏழு வயசுப் பையன் ஒருவன் வந்தான். நாலு படங்களை ஒரு அட்டையில் ஒட்டி அவன் முன்னால் வைத்து, "காலையில என்ன சாப்பிட்ட?" என்றேன். இட்லிப் படத்தைப் பார்த்தான். "தோசைல்ல சாப்பிட்டான், அவனுக்கென்ன தெரியும்" என்றார் பாட்டி. பையன் கண்ணை எடுக்கவில்லை. உடம்பு முறுக்குகிறது, தலை பக்கவாட்டில் போகிறது, கண் மட்டும் திரும்பத் திரும்ப அந்த இட்லிக்கே வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவன் அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஆமா அத்தை, தோசைக்கு மாவு பத்தல, அவனுக்கு இட்லிதான் ஊட்டினேன்." ஏழு வருஷமாக அந்த வீட்டில் அவனிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் இருக்கும், மறுபாதிக்கு இருக்காது. கைகால் பாதிப்பின் அளவை வைத்துப் புத்தியை அளக்க முடியாது. உங்கள் மகனுக்கு உள்ள டைப்ளீஜியாவில் பல பிள்ளைகள் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

அட்டாக்சிக் வகை குறைவு, இருபது பேரில் ஒருவர்கூட இருப்பதில்லை. சிறுமூளை சம்பந்தப்பட்டது. காலை அகட்டி வைத்துத் தள்ளாடி நடப்பார்கள், டம்ளர் வாய்க்கருகே வரும்போதுதான் நடுக்கம் கூடித் தண்ணீர் சிந்தும். கலப்பு வகையும் உண்டு. விறைப்பும் முறுக்கும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம், எது முந்தி நிற்கிறதோ அதன் பெயரைச் சொல்கிறோம்.

இனி, உடம்பில் எந்தப் பகுதி என்பது. ஒரு பக்கக் கையும் காலும் என்றால் ஹெமிப்ளீஜியா. இரண்டு கால்களும் அதிகமாக, கைகள் லேசாக என்றால் டைப்ளீஜியா. நான்கும், கூடவே கழுத்தும் உடம்பும் என்றால் குவாட்ரிப்ளீஜியா. ஐரோப்பியப் பதிவேடுகளில் இதைச் சுருக்கி ஒரு பக்கம், இரு பக்கம் என்று மட்டும் எழுதுகிறார்கள். லேசான குவாட்ரிப்ளீஜியாவுக்கும் கடுமையான டைப்ளீஜியாவுக்கும் நடுவே கோடு எங்கே என்பதில் டாக்டர்களே வேறுபடுவார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனாலும் பழைய சொற்கள் போகவில்லை, உங்கள் ஃபைலில் அவைதான் இருக்கும்.

குறைமாதக் குழந்தைக்கு ஏன் கால் மட்டும்? இதற்கு நேரான பதில் உண்டு. மூளைக்கு நடுவே நீர் நிற்கும் அறைகள் இருக்கின்றன. மூளையிலிருந்து உடம்புக்கு இறங்கும் நரம்புத் தடங்கள் அவற்றை ஒட்டித்தான் போகின்றன. காலுக்குப் போகும் தடம் சுவருக்கு மிகப் பக்கத்தில், கைக்குப் போவது அதற்கு வெளியே, முகத்துக்குப் போவது இன்னும் வெளியே. 24 வாரத்திலிருந்து 32, 34 வாரம் வரைக்கும் அந்தச் சுவரோரப் பகுதி ரொம்ப மென்மையாக இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்தாலோ, தொற்று வந்தாலோ முதலில் அடிபடுவது அதுதான். அதனால் காலுக்கு முதல் அடி. காயம் வெளியே நீண்டால் கைக்கும் வரும். உங்கள் மகன் 30 வாரம் என்று சொன்னதும் எனக்குக் கதை பிடிபட்டது. கண்ணுக்குப் போகும் தடமும் அதே வழியில்தான் ஓடுகிறது, அதனால் மாறுகண், பார்வைக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவன் என்பதால் விழித்திரையையும் பார்க்க வேண்டியிருக்கும். அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஹெமிப்ளீஜியாவைப் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பது அம்மாக்கள்தான். "எட்டு மாசத்துலயே எல்லாத்தையும் இடது கையாலதான் எடுக்குறான், இடதுகைப் பழக்கம் போல" என்பார்கள். ஒரு வயசுக்குள் எந்தக் குழந்தைக்கும் கைப்பழக்கம் உறுதிப்படுவதில்லை. ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால் மற்றக் கையால் முடியவில்லை என்றுதான் அர்த்தம், உடனே காட்டணும். கருவிலோ பிறந்த சமயத்திலோ மூளையின் ஒரு பக்க ரத்தக்குழாய் அடைபடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இவர்களில் ஏறக்குறைய எல்லோரும் நடந்துவிடுவார்கள், கைக்குத்தான் அதிக வேலை தேவைப்படும்.

காரணம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழி எப்போதும் தாய் தலையில் விழுகிறது. கிரகணத்தில் வெளியே போனாள், பப்பாளி சாப்பிட்டாள் என்று. இவை எதுவும் காரணமில்லை. இங்கிலாந்தில் வில்லியம் லிட்டில் என்ற எலும்பு மருத்துவர் 1861-ல் இந்த விறைப்பைக் கடினமான பிரசவத்தோடு சேர்த்து விளக்கினார், அதனால் ரொம்ப நாள் இதற்கு லிட்டில் நோய் என்றே பெயர். 1897-ல் சிக்மண்ட் ஃபிராய்ட், மனோதத்துவத்துக்குப் பெயர்பெற்ற அதே ஃபிராய்ட்தான், அவர் அப்போது நரம்பு மருத்துவர், இதற்கு மறுப்புச் சொன்னார்: கடினமான பிரசவமே, கருவில் முன்பே நடந்துவிட்ட ஏதோ ஒன்றின் விளைவாக இருக்கலாம் அல்லவா என்று. பல பிள்ளைகள் விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பது பிற்பாடு தெரிந்தது. பிரசவ அறையில் நடந்ததை வைத்து மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

இப்போது லெவல். என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் அதிகம் உதவும் சொல். இதன் பெயர் ஜி.எம்.எஃப்.சி.எஸ். கனடாவில் 1997-ல் உருவாக்கி, 2007-ல் விரிவுபடுத்தினார்கள். உடம்பில் என்ன கோளாறு என்று பார்க்காமல், பிள்ளை வழக்கமாக எப்படி நடமாடுகிறது என்று பார்க்கும் முறை. சற்றுப் பெரிய பிள்ளையை வைத்துச் சொல்கிறேன். பொற்றாமரைக் குளத்துப் படிகளில் எதையும் பிடிக்காமல் ஏறி இறங்கும் பிள்ளை லெவல் 1. படியில் கைப்பிடி வேண்டும், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தடுமாறும், ஆனால் தானாக நடக்கும் என்றால் 2. வாக்கரோ ஊன்றுகோலோ பிடித்து நடக்கும், தூரம் போக வீல்சேர் வேண்டும் என்றால் 3. தாங்கல் கொடுத்தால் உட்காரும், பெரும்பாலும் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம் என்றால் 4. கழுத்தே நிற்பது சிரமம், எங்கும் தூக்கித்தான் போக வேண்டும் என்றால் 5. கைக்கு, பேச்சுக்கு, சாப்பிடுவதற்கு என்று இதே மாதிரி ஐந்து படி அளவுகள் தனித்தனியாக இருக்கின்றன. கால் 4-ல் இருக்கும் பிள்ளையின் பேச்சு 1-ல் இருக்கலாம். மூவரிடம் கேட்டால் மூன்று எண் வரும்போது குழம்ப வேண்டாம், எதற்கான எண் என்று கேளுங்கள்.

2 வயதுக்குக் கீழே கொடுத்த லெவல் பின்னால் மாறலாம், அதற்கு மேல் பெரும்பாலும் அதே லெவலில்தான் நிற்கும். இதைக் கேட்டதும் சிலர் இடிந்துபோகிறார்கள். லெவல் மாறாது என்றால் பிள்ளை முன்னேறாது என்று பொருளில்லை. லெவல் 3-க்குள்ளேயே, எழுந்து நிற்கவே ஆள் வேண்டியிருக்கும் 2 வயசும் உண்டு, வாக்கரோடு தானே பள்ளிக்கூடம் போகும் 8 வயசும் உண்டு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தெரபி. பெரிய அசைவுகளில் வரக்கூடிய வளர்ச்சியில் சுமார் 90 சதவீதம் 5 வயதுக்குள், கடுமையான லெவல்களில் அதற்கும் முன்னாலேயே, வந்துவிடுகிறது என்று 2002-ல் வெளிவந்த கனடா ஆய்வு காட்டியது. உங்கள் மகன் 2 வயதுக்குள் தானாக உட்கார்ந்துவிட்டான் என்றால், நடை வரும் என்பதற்கு அது நல்ல அடையாளம். கருவி பிடித்தாவது நடப்பான் என்று எதிர்பார்க்கலாம்.

லெவலுக்கு இன்னொரு பயன், இடுப்பு. விறைத்த தசை தொடை எலும்பின் தலையைக் கிண்ணத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே இழுக்கும். முதலில் வலியும் தெரியாது, வெளியேயும் தெரியாது. லெவல் 1-ல் இந்த ஆபத்து அநேகமாக இல்லை, லெவல் 5-ல் பத்தில் ஒன்பது பேருக்கு வருகிறது என்பது 2006-ல் ஆஸ்திரேலியாவில் கண்டது. அதனால் 3, 4, 5 உள்ள பிள்ளைகளுக்கு வலி இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உங்கள் சீட்டில் 'லெவல் 3' என்று எழுதியிருக்கிறது. இதுவரை இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா? இல்லை என்றால் இந்த மாதமே கேளுங்கள். வீட்டில் அவனைத் தூக்கும்போது இரண்டு காலையும் சேர்த்து அணைத்துத் தூக்காதீர்கள். நம் ஊர் வழக்கப்படி இடுப்பில், காலை இரு பக்கமும் அகட்டி உட்காரவைத்துத் தூக்குங்கள். பின்னிக்கொள்ளும் கால்களுக்கு அதுவே நல்ல நிலை.

வகை மாறுமா என்று கேட்டீர்கள். மூளைக் காயம் மாறாது, வெளித்தோற்றம் மாறும். ஆறு மாதத்தில் துவண்டு கிடந்த குழந்தை ஒன்றரை வயதில் விறைப்பாகவோ முறுக்காகவோ மாறுவது சாதாரணம். அதனால்தான் பதிவேடுகளில் 4, 5 வயதான பிறகே வகையை உறுதி செய்கிறார்கள். வகை தெரியட்டும் என்று தெரபியை நிறுத்திவைக்கக் கூடாது, அது வேறு விஷயம்.

ஆனால் உண்மையிலேயே தப்பாகிப்போகும் இடம் ஒன்று உண்டு. மூளை முடக்குவாதமே இல்லாத பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிடுவது. என் ஆரம்ப காலத்தில் உசிலம்பட்டிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியைச் சீட்டில் இருந்தபடியே ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா என்று நம்பி ஒரு வருஷம் காலை நீட்டிவிட்டேன். அவள் அம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னார்: "காலையில நல்லாத்தான் நடக்குறாக்கா, சாயங்காலம் ஆனா காலு பின்னிக்குது." நடந்து நடந்து அலுத்துப்போகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நரம்பியல் டாக்டர் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு லெவோடோபா மாத்திரையைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்தார். சில நாளில் சாயங்காலமும் நடந்தாள். டோபா மருந்துக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியா என்ற மரபணு நோய் அது, அரிதானது, மாத்திரையால் சரியாக வைத்திருக்கலாம். அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அம்மா சொன்னதில் பதில் இருந்தது.

அதனால் பெற்றோரிடம் நான் கேட்கும் கேள்விகள் சில உண்டு. முன்பு செய்துகொண்டிருந்த எதையாவது பிள்ளை இழந்துவிட்டதா? ஒரே நாளுக்குள் ஏற்ற இறக்கம் இருக்கிறதா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே மாதிரி உண்டா? பிரசவத்திலும் குறையில்லை, எம்.ஆர்.ஐ.யிலும் ஒன்றும் இல்லையா? எம்.ஆர்.ஐ. சரியாக இருந்தும் மூளை முடக்குவாதமாக இருக்கலாம், பத்தில் ஒருவருக்கு அப்படி வருகிறது. ஆனால் அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் பக்கத்தில், அப்படி எம்.ஆர்.ஐ. வந்தால் மரபணு நோய் இருக்கிறதா என்று ஒரு தடவை யோசித்தே ஆக வேண்டும்.

உங்கள் மகனுடையது 'மோசமான வகையா' என்ற கேள்விக்கு நான் தெரிந்துகொண்ட அளவில் பதில்: இல்லை. குறைமாதப் பிறப்பு, கால்களில் விறைப்பு, உட்காரத் தெரிகிறது, பிடித்து எழுகிறான். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டாயம் எடுத்து வாருங்கள், பலர் அதைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். அவன் வீட்டில் நகர்கிற, எழுகிற வீடியோ இரண்டு நிமிஷத்துக்குப் போனில் எடுத்து வைத்திருங்கள், புது இடத்தில் பிள்ளைகள் எதையும் செய்து காட்டாது. ஊனச் சான்றிதழ் விஷயத்திலும் வகை முக்கியம். 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 21 குறைபாடுகளில், கை கால் இயக்கக் குறைபாட்டின் கீழ் மூளை முடக்குவாதம் வருகிறது, 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகள் உண்டு. ஆனால் 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் மூளை முடக்குவாதம் உள்ளிட்ட நான்கு குறைபாடுகளுக்கு மட்டுமானது. அதன் கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. சான்றிதழில் வெறும் 'இயக்கக் குறைபாடு' என்று மட்டும் இருந்தால் அங்கே சிக்கல் வரும். 'மூளை முடக்குவாதம்' என்ற சொல் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். இல்லை என்றால், அங்கேயே நின்று எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.